சதுர அடி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்: கொழும்பில் வீடு கட்டக் கொந்தராத்துப் பேசுவது எப்படி

கொழும்பில் வீடு கட்டப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி "சதுர அடி எவ்வளவுக்குப் பேசினீங்க?" என்பதுதான். கல்யாண வீட்டிலும் கேட்பார்கள், செத்த வீட்டிலும் கேட்பார்கள். மட்டக்குளியில் எட்டு பேர்ச் காணியில் அத்திவாரம் வெட்டுவதற்கு முன் நானும் ஆறு மாதம் இந்த ஒரு எண்ணைத்தான் துரத்திக்கொண்டு திரிந்தேன். ஒருவர் சொன்ன விலையை இன்னொருவரிடம் சொல்லி, சதுர அடிக்கு ஐந்நூறு ரூபா குறைத்து, பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில் கையெழுத்தும் வைத்தேன். வீடு முடியும்போது பார்த்தால், குறைத்த காசும் அதற்கு மேலேயும் 'எக்ஸ்ட்ரா' என்ற பெயரில் போயிருந்தது. அதில் பாதிக்கு மேல் நான் முதலே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்காததால் வந்தது. ஆகவே, முதல் தடவை கட்டுகிறவர்களுக்காக, எந்த வரிசையில் போக வேண்டும் என்று எழுதுகிறேன்.

சதுர அடிக்குள் என்ன இருக்கிறது

முதலில் அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கணக்குக்காக சதுர அடி 10,000 ரூபா என்று வையுங்கள். உங்கள் பிளானில் அறைகள் எல்லாம் சேர்த்து 1,480 சதுர அடி, கார் நிறுத்தும் இடம் 200, பல்கனி 120. கார் நிறுத்தும் இடத்தையும் பல்கனியையும் ஒருவர் முழுதாகக் கணக்கில் எடுப்பார், இன்னொருவர் பாதியாக எடுப்பார். அந்த 320 சதுர அடியில் மட்டும் 32 லட்சத்துக்கும் 16 லட்சத்துக்கும் இடையில் வித்தியாசம் வந்துவிட்டது, விலையோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான். மொட்டை மாடிக்கும் படிக்கட்டுக்கும் இதே கதை. கீழேயும் மேலேயும் படிக்கட்டை இரண்டு தரம் அளந்தவரையும் நான் கண்டிருக்கிறேன்.

அந்த விலைக்குள் என்ன இல்லை என்பது இன்னும் பெரிய கேள்வி. சுற்றுமதில், கேற், கக்கூஸ் குழி, தண்ணீர்த் தொட்டி, மழைநீர்க் கான், மண் நிரப்புதல், கறையான் மருந்து, குசினி அலுமாரிகள், ஏசிக்கான வயர், இதெல்லாம் வழக்கமாக வெளியேதான் நிற்கும். 'முழுமையாக முடித்துத் தருகிறோம்' என்ற வசனத்துக்குள் இவற்றில் ஒன்றும் இருக்காது. கேட்டால் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அப்புறம் வற் வரி. 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். மேலே சொன்ன பிளானை முழுதாக அளந்தால் 1,800 சதுர அடி, ஒரு கோடி 80 லட்சம்; அதற்கு வற் மட்டும் 32 லட்சத்து 40 ஆயிரம். சொன்ன விலை வற்றோடு சேர்த்தா, இல்லாமலா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். வற் கேட்கிறவரிடம் பதிவு இலக்கத்தையும் கேளுங்கள், பதிவு இல்லாதவர் அந்த வரியை உங்களிடம் வாங்க முடியாது.

முதல் வேலை: கொந்தராத்துக்காரரைத் தேடாதீர்கள்

அதற்கு முன் மூன்று விஷயம் கையில் வேண்டும். மாநகர சபை அங்கீகரித்த பிளான் ஒன்று. ஆனால் அந்தப் பிளானை வைத்து வீட்டுக்கு விலை போட முடியாது, அதில் தூணுக்குள் எத்தனை கம்பி என்று இருக்காது. அதனால் கட்டமைப்புப் பொறியியலாளர் வரைந்த கம்பிப் படங்கள் இரண்டாவது. மூன்றாவது, பீ.ஓ.கியூ என்று எல்லாரும் சொல்கிற அளவுப் பட்டியல்: எத்தனை கியூப் கருங்கல், எத்தனை கிலோ கம்பி, எத்தனை ஸ்குவெயார் பூச்சு என்று வேலை வேலையாக அளந்து எழுதிய பட்டியல். புதியவர்களுக்காக: ஒரு கியூப் என்றால் 100 கன அடி, ஒரு ஸ்குவெயார் என்றால் 100 சதுர அடி. பாஸ்மார், அதாவது மேசன்மார், பேசுவது முழுக்க இந்தக் கணக்கில்தான்.

பீ.ஓ.கியூவைத் தயாரிப்பவர் கியூ.எஸ், அதாவது அளவையியலாளர் (Quantity Surveyor). அவருக்குக் கொடுக்கிற காசு எல்லாருக்கும் வலிக்கும், எனக்கும் வலித்தது, வேண்டாம் என்று விட்டேன். கொந்தராத்துக்காரரே ஒரு பட்டியல் தந்தார், இரண்டு பக்கம், அத்திவாரம் என்று ஒரே வரி, அதற்கு ஒரே தொகை. எங்கள் காணி களனி கங்கைப் பக்கம், பள்ளம். மூன்று அடியில் நல்ல மண் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். மூன்று அடியில் சாம்பல் நிறக் களிமண்ணும் தண்ணீரும்தான் வந்தது, ஐந்தரை அடி போக வேண்டியதாயிற்று. மேலதிகக் கருங்கல், தண்ணீர் இறைக்கும் மெசின், கூலி என்று ஏழு லட்சத்துக்குக் கிட்ட ஒரு பில் வந்தது. மேலதிக ஆழத்துக்கு கியூப் விலை என்ன என்று எங்கேயும் எழுதவில்லை, ஆகவே அவர் சொன்னதுதான் விலை. குழி வெட்டிக் கிடக்கிறது, மழை வேறு வருகிறது, அந்த நேரத்தில் யாரும் பேரம் பேச முடியாது.

வத்தளை, மட்டக்குளி, வெல்லம்பிட்டி, கொலன்னாவ மாதிரிப் பள்ளமான இடங்களில் காணி வைத்திருப்பவர்கள், விலை கேட்பதற்கு முன் இரண்டு மூன்று இடத்தில் சோதனைக் குழி வெட்டிப் பொறியியலாளரிடம் காட்டுங்கள். அவர் மண் பரிசோதனை வேண்டும் என்றால் செய்யுங்கள். பட்டியலில் அத்திவாரத்துக்குப் பக்கத்தில் 'மேலதிக ஆழத்துக்கு ஒரு கியூபுக்கு இவ்வளவு' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

எந்த மாதிரிக் கொந்தராத்து

கூலிக்கு மட்டும் விட்டு சாமான்களை நாமே வாங்கினால் மலிவு என்று ஒரு பேச்சு உண்டு. ஊரில் பெரிய வளவில் கட்டுகிறவர்களுக்கு அது சரி வரும். கொழும்பில் பன்னிரண்டு அடி ஒழுங்கைக்குள் கட்டுகிறவர் மணலை எங்கே கொட்டுவது? லொறி உள்ளே வராது, சின்ன வாகனத்தில் இரண்டாம் தரம் ஏற்ற வேண்டும், ரோட்டில் கொட்டினால் பக்கத்து வீட்டோடு சண்டை. அலுவலகத்தில் இருக்கும்போது "ஐயா, சீமெந்து முடிஞ்சுது, ஆறு பேர் சும்மா இருக்கிறம்" என்று போன் வரும். ஓய்வு பெற்ற அப்பாவோ மாமாவோ தினமும் போய் நிற்கக்கூடிய வீடுகளுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

நான் இப்போது மற்றவர்களுக்குச் சொல்வது ஒரு கலப்பு முறை. கட்டுமானம் முழுக்க சாமானோடு கொந்தராத்துக்காரரிடம். டைல்ஸ், குளியலறைச் சாமான்கள், லைட், பூட்டு இவற்றைக் கொந்தராத்திலிருந்து எடுத்துவிட்டு, பொருத்தும் கூலியை மட்டும் அவரிடம் பேசுங்கள். பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கம் நேரே போய் நாலு கடை ஏறி இறங்கினால் உங்களுக்குக் கிடைக்கும் கழிவு உங்கள் பையிலேயே நிற்கும். அதைக் கொந்தராத்துக்குள்ளே விட்டால் 'டைல்ஸ் சதுர அடிக்கு இவ்வளவு வரை' என்று ஒரு தொகை போடுவார்கள், அந்தத் தொகைக்குக் கடையில் போனால் கக்கூசுக்குக்கூட டைல்ஸ் பிடிக்காது, மிச்சத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

ஒரே பட்டியல், மூன்று பேர்

விலை நிரப்பாத பீ.ஓ.கியூவை மூன்று பேரிடம் கொடுங்கள். ஐந்து பேர் வேண்டாம், குழப்பம். நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபை, அதுதான் சீடா, பழைய ஆட்கள் இன்னும் இக்டாட் என்பார்கள், அதில் பதிந்து தரம் பெற்றவரா என்று பாருங்கள். பதிவு மட்டும் போதாது. அவர் முடித்துக் கொடுத்த ஒரு வீட்டுக்கும் இப்போது நடக்கிற ஒரு வேலைக்கும் போங்கள். முடித்த வீட்டுக்காரரிடம் 'வேலை நல்லதா' என்று கேட்காதீர்கள், எல்லாரும் பரவாயில்லை என்பார்கள். 'பேசின தொகை எவ்வளவு, கடைசியில் கொடுத்தது எவ்வளவு, சீ.ஓ.சி எடுக்க எத்தனை மாதம்' என்று கேளுங்கள். சீ.ஓ.சி என்பது, வீடு அங்கீகரித்த பிளான்படி கட்டி முடிந்தது என்று கிடைக்கும் சான்றிதழ்.

மூன்று விலையும் வந்ததும் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதீர்கள். வரி வரியாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் அத்திவாரத்துக்கும் கொங்கிரீட்டுக்கும் மற்ற இருவரையும் விட மிக அதிகமாகவும், பூச்சு, பெயின்ட், கதவுக்கு மிகக் குறைவாகவும் போட்டிருந்தால் மொத்தம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அவர் இலாபத்தை முதல் நாலு மாதத்திலேயே எடுத்துவிடுவார். பூச்சு வேலை வரும்போது அவருக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது, அடுத்த சைட்டுக்கு ஆட்களை மாற்றிவிடுவார். கொழும்பில் கூரை போட்டுப் பூசாமல் கிடக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு இப்போது முதலில் இந்த நினைப்புத்தான் வருகிறது.

பேரம்

'மொத்தத்தில் ஒரு பத்து லட்சம் குறையுங்க' என்றால் குறைப்பார்கள். "ஹரி மஹத்தயா, கரலா தென்னங்" (சரி ஐயா, செய்து தாறேன்) என்று சிரித்த முகத்தோடு. அந்தப் பத்து லட்சத்தை எதிலிருந்து எடுப்பார் என்று உங்களுக்குத் தெரியாது, கம்பியிலிருந்தும் சீமெந்திலிருந்தும்கூட எடுக்கலாம்.

வரியாகப் பேசுங்கள். "அண்ணே, மற்ற ரெண்டு பேரும் ஆறு இஞ்சிச் சீமெந்துக் கல் கட்டுக்கு இதைவிடக் குறைவாகத்தான் போட்டிருக்கினம், உங்களுக்கு ஏன் கூட?" என்று கேட்டால் ஒன்று குறைப்பார், அல்லது காரணம் சொல்வார், சில நேரம் அந்தக் காரணம் சரியாகவும் இருக்கும். ஒருவர் என்னிடம் "நான் கழுவின கடல் மணல் போடமாட்டேன், ஆத்து மணல்தான்" என்றார், அந்த வரியை அப்படியே விட்டேன், ஆனால் 'ஆற்று மணல்' என்று பட்டியலில் எழுதவைத்தேன்.

உங்களிடமும் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும். பில் கொடுத்த ஏழு நாளுக்குள் காசு என்று எழுதிக் கொடுங்கள், சின்னக் கொந்தராத்துக்காரருக்கு அது பெரிய விஷயம், வட்டிக்குக் காசு எடுத்துத்தான் பாதிப்பேர் வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அவருக்கு வேலை குறைந்த மாதத்தில் தொடங்கச் சம்மதியுங்கள். பக்கத்தில் ஓர் அறையைச் சாமான் வைக்கக் கொடுங்கள். இதற்கெல்லாம் விலை இறங்கும். கொங்கிரீட் தரம், கம்பி அளவு, மொட்டை மாடிக்கும் குளியலறைக்கும் நீர்க்கசிவுத் தடுப்பு, இந்த மூன்றிலும் மட்டும் ஒரு ரூபாகூடக் குறைக்கக் கேட்காதீர்கள்.

காசு எப்போது, எவ்வளவு

ஒப்பந்தத்தில் அதிக நேரம் உட்கார வேண்டிய இடம் இதுதான். திகதிக்குக் காசு கொடுக்காதீர்கள், முடிந்த வேலைக்குக் கொடுங்கள். மேலே சொன்ன ஒரு கோடி 80 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். முற்பணம் 10 சதவீதம் என்றால் 18 லட்சம், அதற்கு வங்கி உத்தரவாதம் கேளுங்கள், சின்ன ஆட்கள் தரமாட்டார்கள், அப்படியென்றால் முற்பணத்தைக் குறைத்து, முதல் சாமான்களை நீங்களே கடைக்குக் காசு கட்டி இறக்குங்கள். கொடுத்த முற்பணம் ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிய வேண்டும். இது எழுதாவிட்டால் கடைசியில் 'முற்பணமா, அது செலவாகிவிட்டதே' என்பார்கள்.

ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதியைப் பிடித்து, மொத்தத்தில் 5 சதவீதம் வரும் வரை வைத்திருப்பது இங்கே வழக்கம். நம் கணக்கில் 9 லட்சம். பாதியை வீட்டைப் பொறுப்பேற்கும்போதும், மிச்சப் பாதியை 12 மாதம் கழித்தும் கொடுக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காதவரோடு மேலே பேசாதீர்கள்.

வங்கிக் கடனில் கட்டுகிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. வங்கி ஆள் வந்து பார்த்துத்தான் அடுத்த தவணையை விடுவிப்பார்கள், அவர்களுடைய கட்டங்கள் வேறு, உங்கள் கொந்தராத்தின் கட்டங்கள் வேறு. கொந்தராத்துக்காரர் ஸ்லாப் போட்டுவிட்டுக் காசு கேட்பார், வங்கி கூரை முடியட்டும் என்னும். இடையில் நீங்கள் நகையைக் கொண்டுபோய் அடகு வைப்பீர்கள். வங்கியின் கட்டங்களை முதலே எழுத்தில் வாங்கி, அதே கட்டங்களைக் கொந்தராத்திலும் போடுங்கள்.

சாமான் விலை ஏறினால்

2022 மறக்கக்கூடிய வருடமா? மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 வரை போனது. ஒரு வருடத்துக்குள் சீமெந்து மூட்டை இரண்டு மடங்கைத் தாண்டியது. 'நிலையான விலை' என்று கையெழுத்து வைத்த எத்தனையோ பேர் வேலையைப் பாதியில் விட்டுப் போனார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வழக்குப் போட்டும் வீடு எழும்பாது. என் மச்சானின் வீடு ஒன்றரை வருடம் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது.

அதனால் முழுச் சுமையையும் அவர் தலையில் போடும் ஒப்பந்தம் உங்களுக்கும் பாதுகாப்பில்லை. சீமெந்து, கம்பி, மணல், சல்லி, மின்வயர் என்று ஐந்தாறு சாமானை மட்டும் பெயர் சொல்லி, கையெழுத்து வைக்கும் நாளில் கடை விலை என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து 5 சதவீதம் வரை ஏறினால் அவர் பொறுப்பு, அதற்கு மேல் ஏறினால் பற்றுச்சீட்டுக் காட்டி வித்தியாசத்தை மட்டும் வாங்கலாம், அதே மாதிரி இறங்கினால் உங்களுக்குக் கழிக்க வேண்டும். கடைசி வரியைக் கேட்டதும் பலர் முகம் மாறும், விடாதீர்கள். பெரிய வேலை என்றால் சீடா வெளியிடும் விலைச் சுட்டெண்களை வைத்துக் கணக்குப் போடச் சொல்லலாம், ஆனால் சாதாரண வீட்டுக்குப் பற்றுச்சீட்டு முறை போதும்.

எக்ஸ்ட்ரா

பெரும்பாலும் நாங்களே கேட்டு வாங்குகிற தொல்லை இது. மனைவி சைட்டுக்கு வந்து ஜன்னல் கொஞ்சம் பெரிதானால் நல்லது என்பார், நாம் தலையாட்டுவோம், பாஸ் உடைக்கத் தொடங்குவார். ஒரு சிஆர் கொப்பி வாங்கி சைட்டில் வையுங்கள். என்ன மாற்றம், எவ்வளவு காசு, எத்தனை நாள் கூடும், இரண்டு பேர் கையெழுத்து. கையெழுத்து இல்லாத மாற்றத்துக்குக் காசு இல்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வசனம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி "ஓம் ஓம் செய்யுங்க" என்பதை நிறுத்துங்கள், நான் அப்படி அனுப்பிய நாலு குரல் பதிவின் விலை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்று, ஜன்னலையோ சுவரையோ அங்கீகரித்த பிளானுக்கு மாறாக நகர்த்தினால் கடைசியில் சீ.ஓ.சி எடுக்கும்போது சிக்கும். அந்தச் சான்றிதழை எடுத்துத் தருவது யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

தாமதமும் மற்றச் சில்லறைகளும்

முடிக்கும் திகதி, தவறினால் நாளுக்கு இவ்வளவு. மொத்தத் தொகையில் 0.05 சதவீதம் என்று போட்டால் நாளுக்கு 9,000 ரூபா, உச்சம் 10 சதவீதம். ஆனால் நியாயமாக இருங்கள். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும், ஒக்டோபர் நவம்பரில் பின்னேரம் பின்னேரம் இடியோடு கொட்டும், ஏப்ரல் புதுவருடத்துக்கு ஊருக்குப் போன வேலையாட்கள் இரண்டு கிழமைக்கு முன் திரும்பமாட்டார்கள். இதைக் கழித்துவிட்டுத் திகதி போட்டால்தான் அந்தத் தண்டப்பணத்தைக் கேட்க உங்களுக்கு வாய் வரும்.

டெங்கு பற்றி ஒரு வசனம் எழுதுங்கள். சிரிக்காதீர்கள். 2007இன் நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ், கட்டுகிற இடத்தில் தண்ணீர் தேங்கி நுளம்புக் குடம்பி இருந்தால் வழக்கு வரும், பீஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வரும்போது காணி உங்கள் பெயரில்தான் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் தொட்டி, வாளி, ஸ்லாப் மேல் நிற்கும் தண்ணீர் எல்லாம் பார்ப்பது கொந்தராத்துக்காரர் வேலை என்று எழுதிவிடுங்கள். வேலையாள் விழுந்து காயப்பட்டால் நட்டஈடு யார், காப்புறுதி யார் எடுப்பது என்பதும் அதே பக்கத்தில். கட்டும் காலத்துக் கரண்ட், தண்ணீர் பில் யாருடையது என்பதும். தோண்டுவதற்கு முன் இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களையும், அவர்கள் அனுமதியோடு, பழைய வெடிப்புகள் தெரிய போட்டோ எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் நாற்பது வருட வெடிப்பும் உங்கள் கணக்கில் வரும்.

ஸ்லாப்புக்கும் தூணுக்கும் கொங்கிரீட் போடுவதற்கு முன் பொறியியலாளர் வந்து கம்பியைப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும், வைக்காமல் போட்டால் அந்தக் கட்டத்துக்குக் காசு இல்லை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கையெழுத்து

ஒப்பந்தம் உங்களுக்கு வாசித்து விளங்குகிற மொழியில் இருக்க வேண்டும். சிங்களத்தில் மட்டும் தந்தால், "நம்மட ஆள்தானே" என்று விடாமல், மொழிபெயர்த்து வாங்குங்கள், அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் அவருக்கும் அதே நியாயம். எல்லாப் பக்கத்திலும் இருவர் கையெழுத்து, பீ.ஓ.கியூவிலும் படங்களிலும் சேர்த்து, இரண்டு சாட்சி, அடையாள அட்டைப் பிரதி. ஒரு சட்டத்தரணியிடம் காட்ட ஒரு நாள் செலவழியுங்கள். காசு எப்போதும் வங்கி வழியாக, கைக்காசு கொடுத்தால் அன்றே பற்றுச்சீட்டு.

குடிபுகுந்த பிறகு, பிடித்து வைத்த கடைசி 4 லட்சத்து 50 ஆயிரத்தைக் கேட்டுப் பத்தாம் மாதத்திலேயே போன் வரும், மகளுக்குக் கல்யாணம் என்பார், உண்மையாகவும் இருக்கலாம். ஒக்டோபர் மழை ஒன்று நன்றாக அடித்து ஓயும் வரை பொறுங்கள். மொட்டை மாடிக்கு ஏறி, மேல் குளியலறைக்குக் கீழே இருக்கிற அறையின் மேல்தளத்தையும் அண்ணாந்து பார்த்து, ஈரம் இருந்தால் கொப்பியில் எழுதி அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், திருத்திய பிறகு காசோலையை எழுதுங்கள்.